கையில் வைக்காத மருந்து

புந்தோங், ஈப்போ
3 ஜூலை 1988

தம்பி ஜெயபாலனுக்கு அக்கா நல்லம்மாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீ அங்கே இருக்கிறாயா என்பதுதான் இரண்டு மாதமாகத் தெரியவில்லை. லண்டனில் எலிக்கு ஊசி போடுகிறவனுக்கு நாலு வரி எழுத எங்கே நேரம் என்று என் வீட்டுக்காரர், உன் மாமா சீனி, உனக்காகப் பரிந்து பேசுகிறார். லோரி ஓட்டுகிற மனுஷனுக்கு இருக்கிற இரக்கம் எனக்கு இல்லை.

முதல் சேதி, நான் உண்டாகியிருக்கிறேன். ஐந்தாம் மாதம். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, முப்பத்தாறு வயதில்! பள்ளிக் கேண்டீனில் என்னோடு சமைக்கிற பெண்கள் கேலி செய்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு போய்விடுகிறது. அம்மாவிடமிருந்து உன் அண்ணன் அர்ச்சுனனுக்கு வந்த ரத்தக் கோளாறு என் வழியாக என் பிள்ளைக்கும் வரலாம் என்று நீதான் படம் போட்டுக் காட்டினாய். பெண் பிறந்தால் பயமில்லை, ஆண் பிறந்தால் வந்தாலும் வரலாம் என்றாய். அந்தப் படத்தை நீ போடாமலே இருந்திருக்கலாம்.

இரண்டாவது, நாம் பிறந்த ஏழாம் கட்டைத் தோட்டம் முடிந்தது. ரப்பர்ப் பால்மரத்தை எல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை போடுகிறார்கள். நாம் குடியிருந்த லயத்தை இடிக்கப்போகிறார்கள். மாரியம்மன் கோவிலுக்கு வேறு இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. வருகிற ஆவணியில் நடப்பதுதான் அங்கே கடைசித் திருவிழா என்று கோவில் பண்டாரம் பத்துமலை சொல்லிவிட்டார்.

அர்ச்சுனன் நன்றாக இருக்கிறான். போன டிசம்பரில் நீ வந்தபோது டாக்டர் ஸ்கந்தராஜா கிளினிக்கில் அவன் இடது கையில் வெட்டித் தையல் போட்டீர்களே, அது சுத்தமாக ஆறிவிட்டது. தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். போன வாரம் அவன் வேலை செய்கிற ரேடியோ கடையில் ஸ்குரூ டிரைவர் விரலில் குத்திவிட்டது. துணி சுற்றினான், நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அவன் எதற்கும் பயப்படுவதில்லை. உன் வேலை நல்ல வேலை, தம்பி. ஒப்புக்கொள்கிறேன்.

பதில் போடு.

அக்கா


லண்டன்
18 ஜூலை 1988

அன்புள்ள அக்கா,

உன் சேதி படித்து ஆய்வுக்கூடத்திலேயே சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி பயந்து ஒரு குப்பியைக் கீழே போட்டாள். நான் தாய்மாமன் ஆகப்போகிறேன்! உன் உடம்பைப் பார்த்துக்கொள். கேண்டீனில் பெரிய சட்டியை நீ தூக்காதே.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. வேலை கூடிவருமா வராதா என்று தெரியாமல் எழுத மனம் வரவில்லை. இப்போது கூடிவந்துவிட்டது. அண்ணனின் ரத்தம் உறையாததற்குக் காரணம், அதற்கு வேண்டிய ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பு அவன் உடம்பில் பிழையாக இருப்பதுதான். பிழையில்லாத குறிப்பை ஆபத்தில்லாத ஒரு வைரஸுக்குள் வைத்து, அவன் தோலின் செல்களுக்குள் அனுப்பினோம். போன வியாழக்கிழமை சோதித்துப் பார்த்தோம். அக்கா, அவனுடைய தோல் மருந்து சுரக்கிறது! இங்கே கண்ணாடித் தட்டில், என் கண் முன்னால். பிறந்ததிலிருந்து அவனிடம் இல்லாத ஒன்றை அவனுடைய செல்களே செய்கின்றன. நான் கை கழுவும் இடத்துக்குப் போய் அழுதேன்.

இப்படிப்பட்ட செல்களைத் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் அவை உள்ளேயே மருந்தைச் சுரந்துகொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். யார் யாருடைய ரத்தத்திலிருந்தோ எடுத்த மருந்தை ஏற்றிக்கொண்டு, அதிலிருந்து புது நோய் வருமோ என்று பயப்படவும் வேண்டாம். அடுத்து எலிகளுக்கு வைக்கிறோம். என்ன ஆகிறது என்று எழுதுகிறேன்.

அண்ணனிடம் சொல், அவன் தோல் லண்டனில் என்னைவிட நன்றாக வேலை செய்கிறது என்று.

ஜெயபாலன்


புந்தோங்
21 ஆகஸ்ட் 1988

தம்பிக்கு,

உன் கடிதத்தை அர்ச்சுனன் எத்தனை முறை படித்தான் என்று கேட்காதே. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான். கடை முதலாளி, அந்தச் சீனத் தவ்கேயிடம் காட்டியிருக்கிறான். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் காட்டியிருக்கிறான்.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "மருந்து லண்டன்ல தட்டுல இருக்குன்னுல எழுதியிருக்கான்?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அங்க இருக்கிறது சாம்பிள்க்கா. உள்ள வச்சத டெஸ்ட் பண்ண வேணாமா? இங்க கையில இருக்கிறதுதான் மருந்து லா" என்று தழும்பைத் தட்டிக் காட்டினான். சரிதான் என்று பட்டது. நீ கத்தியால் வெட்டியபோது நான் பக்கத்தில்தானே நின்றேன்? ரத்தம் வந்தது, நின்றது. முப்பத்துமூன்று வயதுவரை அவனை ஒரு கத்தி தொட்டு அப்படி நின்றதே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துத் திருவிழா செப்டம்பர் நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அர்ச்சுனன் அலகு குத்திக்கொள்ளப் போகிறான். நாக்கில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. விரதம் ஆரம்பித்துவிட்டான். மீன் இல்லை, செருப்பு இல்லை, தரையில்தான் படுக்கிறான்.

கேட்டதும் முடியவே முடியாது என்றேன். நீயும் அதைத்தான் சொல்வாய். ஆனால் அவன் சொல்வதையும் கேள். சின்ன வயதில் எல்லாப் பையன்களும் காவடி எடுக்கும்போது இவனை மட்டும் தேங்காய்த் தட்டைக் கொடுத்து ஓரமாக நிறுத்துவார்கள். 'ரத்தம் நிக்காத பிள்ளை' என்றுதான் லயத்தில் அவனுக்குப் பேர். அது அவன் மனசில் எவ்வளவு ஆழமாகக் கிடந்தது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அதோடு, வேண்டுதல் அவனுக்காக இல்லை. என் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கோளாறு வரக்கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறான். "நான் தப்பிச்சிட்டேன்க்கா. அதுவும் தப்பிக்கணும்" என்றான்.

பத்துமலை முதலில் மாட்டேன் என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "ஆத்தாளும் விட்டுட்டா, டாக்டர் தம்பியும் விட்டுட்டாரு, நான் யாரு தடுக்க?" என்று சொல்லிவிட்டார். டாக்டர் ஸ்கந்தராஜாவை ஒரு வார்த்தை கேட்போம் என்றேன். "டாக்டர்ன்னா வேணாம்னுதான் சொல்வாங்க. நம்ம வீட்டுலயே லண்டன் டாக்டர் இருக்கான்" என்கிறான். நீ டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவன் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

ஒன்று மட்டும் அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் அவன் செய்ய மாட்டான். அதனால் பார்த்த உடனே பதில் போடு. பதில் வராவிட்டால், நம் வீட்டு வழக்கம்போல், உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அக்கா


ஏழாம் கட்டை
4 செப்டம்பர் 1988

தம்பி,

கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஈப்போ போனபிறகு எழுதலாம் என்றால் கை கேட்கவில்லை.

ஒரு சொட்டு வரவில்லை! நாக்கில் குத்தினார் பத்துமலை, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அர்ச்சுனன் நிற்கிறான், வேல் நிற்கிறது, வாய் காய்ந்து கிடக்கிறது. கன்னத்திலும் அப்படியே. தோட்டத்துச் சனம் எல்லாம் குலவை போட்டது. சித்தியவானிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் வந்த பழைய ஆட்கள் அவன் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். இவனைக் கண்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன அதே ஆட்கள். வெட்டிப் போட்ட பால்மரங்களுக்கு நடுவே அவன் ஆடிக்கொண்டு வந்ததை நீ பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு அழுகை.

வேல் இரண்டையும் எடுத்துத் திருநீறு வைத்தாகிவிட்டது. இப்போது இடது கையைத் தூக்கி எல்லாருக்கும் தழும்பைக் காட்டிக்கொண்டிருக்கிறான். பேச்சுதான் கொஞ்சம் குழறுகிறது. நாக்கில் குத்தினால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் பத்துமலை.

உன் பதில் வரவில்லை. வந்திருந்தால்கூட இதைவிட நல்ல பதிலாக இருந்திருக்காது.

அக்கா


லண்டன்
5 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்கா,

இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை. கோலாலம்பூருக்குத் திரும்பும் ஒரு மாணவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் அங்கே தபாலில் சேர்ப்பான். நீ ஏதாவது எழுதியிருந்தால் இங்கே ஏதோ ஒரு மூட்டையில் கிடக்கும்.

எலிச் சேதி நல்லதாக இல்லை. செல்களைத் தோலுக்கு அடியில் வைத்தோம். சில நாள் எலியின் ரத்தத்தில் அண்ணனுடைய புரதம் இருந்தது. நாங்கள் கொண்டாடக் கேக் வாங்கினோம். பத்து நாளுக்குள் சுத்தமாக மறைந்துவிட்டது. எலியின் உடம்பு அதை அந்நியன் என்று விரட்டிவிட்டதா, அல்லது செல்களே குறிப்பை மறந்துவிட்டனவா என்று இன்னும் புரியவில்லை. மனிதருக்கு இதை வைத்துப் பார்க்க எத்தனை வருடம் ஆகுமோ. ஒருவேளை உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்தில்.

இதை அண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம். என் போன கடிதத்தில் அவசரப்பட்டு ஆசை காட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அடுத்த வருடம் வரும்போது நானே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்கிறேன். அதுவரை அவனை வழக்கம்போலக் கவனமாக இருக்கச் சொல். தோட்டத்தில் திருவிழா என்றாயே, நன்றாக நடந்ததா?

ஜெயபாலன்


லண்டன்
24 செப்டம்பர் 1988

அக்கா,

உன் தந்தி பதினாலாம் தேதி வந்தது. 'அர்ச்சுனன் தவறிவிட்டான் ரத்தப்போக்கு எல்லாம் முடிந்தது.' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெரு முனைச் சீனன் கடைக்குப் போன் போட்டேன். மாமாதான் வந்தார். நீ வர மாட்டேன் என்றாய் என்றார். கடையில் கீழே விழுந்திருப்பான், தலையில் அடிபட்டிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு இத்தனை நாள் அழுதேன்.

நேற்றுத் தபால் வந்தது. உன்னுடைய இரண்டு கடிதங்களும் ஒன்றாக.

அக்கா, கையில் ஒன்றும் வைக்கவில்லை.

நான் வைக்கவில்லை. எடுத்தேன். நகத்தளவு தோலை எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். அதைத்தான் இங்கே வளர்க்கிறோம். அன்றைக்கு ரத்தம் நின்றது நான் லண்டனிலிருந்து கொண்டுவந்த மூன்று குப்பி மருந்தால். வெட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் டாக்டர் ஸ்கந்தராஜா அவன் வலது கையில் ஏற்றினாரே, அது. அது இல்லாமல் அவனைக் கத்தியால் தொட்டிருக்கவே மாட்டோம். ஒரு வாரத்தில் அந்த மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது. விரலில் ஸ்குரூ டிரைவர் குத்தியது நின்றதும் அதிசயம் இல்லை. சின்னக் குத்து அவனுக்கு எப்போதுமே தானாக நிற்கும். அலகு குத்தியபோது வராததும் அப்படித்தான். முதலில் அடைத்துக்கொள்ளும். அப்புறம்தான் உள்ளே கசிய ஆரம்பிக்கும். நாக்கில் என்றால் வீங்கி மூச்சை அடைக்கும்.

எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். உங்களிடம் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். பாதி ஆங்கிலத்தில், டாக்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஓகே லா, நீ செய்டா" என்றான் அண்ணன். 'இப்போதெல்லாம் அவன் எதற்கும் பயப்படுவதில்லை' என்று நீ ஜூலையில் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். அந்த வரியிலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் மறுபடியும் அதே தப்பு. அவனுடைய செல்கள் இங்கே உயிரோடு இருக்கின்றன. இன்று காலையிலும் பார்த்தேன். பெருகிக்கொண்டிருக்கின்றன. மருந்து சுரந்துகொண்டிருக்கின்றன. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெயபாலன்


புந்தோங்
9 அக்டோபர் 1988

ஜெயபாலனுக்கு,

கையில் ஒன்றும் இல்லை என்று நீ சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை.

திருவிழாவுக்கு மறுநாள் காலையில் அவன் படுத்திருந்த பாய் நனைந்திருந்தது. நாக்கு வாய்க்குள் கொள்ளவில்லை. நான் அலறியதும் என்னை அமைதிப்படுத்த இடது கையைத் தட்டித் தட்டிக் காட்டினான். பேச முடியவில்லை, ஆனாலும் தட்டினான். மருந்து உள்ளே இருக்கிறது, நின்றுவிடும், பொறு என்று. நானும் பொறுத்தேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டு பொறுத்தேனடா! சீனி லோரியோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டிக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும்வரை பொறுத்தேன்.

டாக்டர் ஸ்கந்தராஜா பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "இவருக்கு அலகு குத்த ஆர் விட்டது?" என்று தன் யாழ்ப்பாணத் தமிழில் கத்தினார். மருந்துதான் கையில் வைத்திருக்கிறீர்களே என்றேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள ஒண்டும் வைக்கேல்லை அம்மா. நான்தானே தைச்சனான்" என்றார். அர்ச்சுனனுக்கு அது கேட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டான். தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டார்கள். பிளாஸ்மா ஏற்றினார்கள். அவர்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். ஒரு வாரம் கிடந்து போனான். எலிச் சேதி சொல்லி நீ கொடுத்தனுப்பிய கடிதம், நாங்கள் காரியம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று வந்தது. 'இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதினால் இந்தத் தாள் போதாது. என்மேலும்தான். நீ படித்தவன், உனக்கு எங்களுக்குப் புரியும்படி பேசத் தெரியவில்லை. எங்களுக்குப் புரியவில்லை என்று சொல்ல வெட்கம். தம்பி பேசுகிறான், தலையாட்டுவோம் என்று இருந்துவிட்டோம்.

இப்போது நீ கடைசியாக எழுதியதற்கு வருகிறேன். அதைப் படித்துவிட்டு அடுப்பில் சோறு தீய்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பதினாறாம் நாள் கருமாதி செய்தோம். ஆற்றில் பிண்டம் கரைத்தோம். அவனுடையது என்று பூமியில் ஒன்றும் பாக்கியில்லையே என்று பத்துமலை கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன். இப்போது நீ சொல்கிறாய், உயிரோடு இருக்கிறான் என்று. அப்படியென்றால் நான் யாருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன்? அது எப்படி உயிரோடு இருக்கிறது? என்ன தின்கிறது? அதற்குப் பசி தெரியுமா?

வேண்டாம். எதற்கும் பதில் சொல்லாதே. முடித்துவிடு. நெருப்பில் போடு.

நல்லம்மாள்


லண்டன்
24 அக்டோபர் 1988

அக்கா,

நீ சொல்லாதே என்றாலும் சொல்கிறேன். இனி உன்னிடம் சொல்லாமல் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

சர்க்கரையும் உப்பும் கலந்த ஒரு நீர், அதில் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சத்து. வாரத்தில் இரண்டு முறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுவேன். நம் உடம்பின் சூட்டிலேயே ஒரு பெட்டியில் இருக்கிறது. அதற்குப் பசி தெரியாது. அது அண்ணன் இல்லை. அவனுடைய நினைப்போ வலியோ அதில் இல்லை. இதை என் புத்தி சொல்கிறது. ஆனாலும் நீர் மாற்றும்போது நான் தட்டோடு பேசுகிறேன். அண்ணே என்று கூப்பிடுகிறேன். மற்றவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்றே தட்டை அடுப்புக்குக் கொண்டுபோனேன். கழிவைச் சுடும் அடுப்பு கீழ்த்தளத்தில் இருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன். இது என்னுடையது இல்லை, நான் நினைத்தால் வைத்துக்கொள்ள. கோபத்தில் எழுதிய ஒரு வரியை வைத்துக்கொண்டு எரித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பிறந்த பிறகு, நிதானமாக, நீ இன்னொரு முறை எழுது. எரி என்றால் எரிக்கிறேன், இங்கேயே மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

அதுவரை ஒன்றும் செய்ய மாட்டேன். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜெயபாலன்


புந்தோங்
11 டிசம்பர் 1988

தம்பி,

பிள்ளை பிறந்துவிட்டான். ஆண். அர்ச்சுனனின் மூக்கு.

தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ஈரம் நிற்கவில்லை. துணி மாற்றினேன், மறுபடியும் ஈரம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு முறை சோதித்துவிட்டு டாக்டர் ஸ்கந்தராஜாவே வீட்டுக்கு வந்து சொன்னார். அதேதான். அர்ச்சுனனுக்கு இருந்த அதே கோளாறு. பிளாஸ்மா ஏற்றி இப்போது நிறுத்தியிருக்கிறார்கள்.

யாருக்காக அவன் நாக்கை நீட்டினானோ அந்தப் பிள்ளைக்கே! கோவில் பக்கம் போய் நின்று ஆத்தாளைத் திட்ட வேண்டும் என்று சீனியை லோரியில் கூட்டிப்போகச் சொன்னேன். போனோம். கோவில் இல்லை. செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள். திட்டுவதற்குக்கூட இடம் இல்லாமல் திரும்பி வந்தேன்.

பிள்ளை என் மடியில் தூங்குகிறான். தொடவே பயமாக இருக்கிறது. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன். இந்த முறை புரியாத இடத்தில் கோடு போட்டுக்கொண்டு டாக்டரிடம் கேட்டேன். அர்ச்சுனனின் தோலை இவனுக்கு வைக்க முடியாது, உடம்பு ஏற்காது என்றார். இவனுக்கு இவன் தோல்தான் வேண்டும், அதுவும் இப்போது இல்லை, எத்தனையோ வருடம் ஆகலாம், ஒருவேளை வராமலே போகலாம் என்றார். அப்படியென்றால் அர்ச்சுனனின் தோலை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று கேட்டேன். அதில்தான் உங்கள் தம்பி வழி தேடுகிறார் என்றார். புரிந்தது. புரியாமல் தலையாட்டவில்லை.

எரிக்காதே.

பிள்ளைக்குக் கொஞ்சம் சதை பிடித்ததும் இவன் தோலிலும் நகத்தளவு எடுத்துப்போக வா. மருந்துக் குப்பிகளோடு வா. கத்தியை எடுப்பதற்கு முன்னால் சீனி, பத்துமலை, டாக்டர், முனைக் கடைச் சீனன் உட்பட எல்லாரையும் கூடத்தில் உட்கார வைக்கிறேன். எதை எடுக்கிறாய், எதை வைக்கவில்லை என்று தமிழில் சத்தமாகச் சொல். நான் திருப்பிச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் மறுபடியும் சொல். நான் சரியாகச் சொல்லும்வரை பிள்ளைமேல் கை வைக்கக்கூடாது.

அதுவரைக்கும் உன் அண்ணனைப் பட்டினி போடாதே.

அக்கா